இடி முழங்கும் வேளையில் பயாஸ் வேண்டாம்

பாறசாலைப் பக்கம் ஐப்பசி மழைக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். உச்சி சாய்ந்ததும் அகத்தியமலைப் பக்கம் வானம் கறுக்கும். பொழுது சாய்வதற்குள் இடியும் மின்னலும் வந்துவிடும். பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருங்கள், மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மின்னல் காலத்தில் சொல்லி வருகிறது. எல்லாக் கம்ப்யூட்டர் வேலைக்கும் இது பொருந்தும். ஒரு வேலைக்கு மட்டும் இரட்டிப்பாகப் பொருந்தும். அதுதான் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பிப்பது.

மதர்போர்டில் எட்டுக் கால்கள் கொண்ட, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிப் ஒன்று இருக்கும். கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட். சுவிட்சைப் போட்டதும் பிராசஸர் தன் முதல் கட்டளைகளை அங்கிருந்துதான் படிக்கிறது. அந்தக் கட்டளைகளின் தொகுப்பே பயாஸ். அது நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, பிறகு விண்டோஸிடமோ லினக்ஸிடமோ பொறுப்பை ஒப்படைக்கிறது. இப்போது வரும் போர்டுகளில் இருப்பது அதன் யுஇஎஃப்ஐ என்ற புதிய வடிவம். கடையிலும் வீட்டிலும் எல்லோர் வாயிலும் அது பயாஸ்தான்.

புதுப்பிக்கும்போது அந்தச் சிப்பில் இருப்பதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குள் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. மறுபடி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் எதுவும் வராது. ‘போர்டு டெட்’ என்று சர்வீஸ்காரர் சொல்வது இதைத்தான்.

அந்தச் சிப் காலியானால் என்ன ஆகும் என்பதை உலகம் 1999 ஏப்ரல் 26 அன்று கண்டது. தைவானில் சென் இங்ஹௌ என்ற மாணவர் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் வைரஸ் என்று சொன்னால் பலருக்கு நினைவு வரும். தென்கொரியா, துருக்கி, இந்தியா, வங்கதேசம் என்று ஆசியாவெங்கும் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. வன்தட்டின் தொடக்கப் பகுதியை அது அழித்தது. சில வகைப் போர்டுகளில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. வன்தட்டு போனவர்களில் சிலர் கோப்புகளை மீட்டார்கள். பயாஸ் போனவர்கள் சிப்பை மாற்ற வேண்டியிருந்தது, இல்லையென்றால் போர்டையே மாற்ற வேண்டியிருந்தது.

வைரஸ் இல்லாமலும் இப்படி நடக்கும். 2017 டிசம்பரில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 17.10 பதிப்பின் தரவிறக்கம் நிறுத்தப்பட்டது. அதிலிருந்த ஒரு இன்டெல் டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில லேப்டாப்களின் பயாஸைக் கெடுத்துவிட்டதுதான் காரணம். கேரளப் பள்ளிகளுக்குக் கைட் நிறுவனம் தரும் இயங்குதளமும் உபுண்டு வழி வந்ததே. ஆனால் அது 18.04, 22.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளைப் பின்பற்றுவது. புதுசு வந்ததும் பாயாமல் இருப்பதில் அவ்வளவு நன்மை இருக்கிறது.

அப்படியானால் பயாஸைத் தொடவே கூடாதா? ‘நல்லா ஓடுற சிஸ்டத்துல கை வைக்காதீங்க’ என்று பழைய சர்வீஸ்காரர்கள் சொல்வார்கள். பாதி சரி. 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில பிராசஸர்கள் கருகின, பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்கான மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத புதிய பயாஸ்தான் அதற்கு மருந்தாக வந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களில் சில தள்ளாடியபோது 2024 ஆகஸ்டில் வந்த திருத்தமும் பயாஸ் வழியாகவே வீடுகளுக்கு வந்தது. இந்த வரிசைகளில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் புதுப்பிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. பழைய போர்டில் புதிய பிராசஸர் போடுபவருக்கும், பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வேண்டியவருக்கும் காரணம் இருக்கிறது. வெறும் எண் கூடியிருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது.

காரணம் இருந்தால் முதலில் போர்டின் பெயரைச் சரியாகப் பார்க்க வேண்டும். பெயர் போர்டிலேயே அச்சிட்டிருக்கும்; சில நிறுவனங்கள் பக்கத்தில் சிறிய எழுத்தில் ரிவிஷன் எண்ணும் போட்டிருக்கும். பெயர் ஒன்றாக இருந்து ரிவிஷன் வேறாக இருந்தால் பயாஸும் வேறாக இருக்கலாம். கோப்பை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டாமல், பயாஸ் திரையில் உள்ள புதுப்பிக்கும் வசதி வழியாகவே செய்வது நல்லது. முன்னதாகப் பழைய அமைப்புகளை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளலாம். புதுப்பித்ததும் பெரும்பாலும் அவை அழிந்து தொடக்க நிலைக்குப் போய்விடும். விண்டோஸில் பிட்லாக்கர் இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் பயாஸ் நன்றாக ஏறிய பிறகும் கோப்புகள் பூட்டிக்கிடக்கலாம்.

இனி கரண்ட் விஷயம். யுபிஎஸ் இருக்கிறது என்று நம்பினால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் சாதாரணமாக ஓடும்போது, திறந்த கோப்புகளை மூடிவிட்டு, யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். பத்து நிமிடம் தாங்கினால் சரி. இரண்டே நிமிடத்தில் கூவிக்கொண்டு அணைந்தால் முதலில் மாற்ற வேண்டியது யுபிஎஸ்ஸின் பேட்டரியை. வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதன் பின்பக்க சுவிட்சைப் பாருங்கள்: பலவற்றில் யுபிஎஸ் நிலை என்று ஒன்று தனியாக இருக்கும். அது இல்லாத நிலையில் கரண்ட் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து எழக்கூடும். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கெட்டுப்போனால் போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப்கள் உண்டு. சிலவற்றின் பின்புறம் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கும். பென்டிரைவைச் செருகி அதை அழுத்தினால் பிராசஸரே இல்லாமலும் பயாஸ் ஏறும். இவை இல்லாத போர்டிலும், சிப்பைக் கிளிப்பால் கவ்வி வெளியிலிருந்து எழுதும் சிறு கருவி கைவசம் உள்ள சர்வீஸ்காரரால் பெரும்பாலும் மீட்க முடியும். புதிய போர்டு வாங்கச் சொல்பவரிடம் இதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ எல்லை தாண்டிக் களியக்காவிளையிலோ, யார் வீட்டில் இந்த வேலை இருந்தாலும் வானம் வெளுத்திருக்கும் ஒரு காலைப் பொழுதில், மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தப்போவதாக அறிவிக்காத நாளாகப் பார்த்து உட்காருங்கள். மதியம் தாண்டிவிட்டால் மறுநாள் காலைக்கு ஒத்திவையுங்கள்.