ஒரே பந்தியில் நாம்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோழமை என்றதும் கைகூப்பி வணங்குவதும் புன்னகைப்பதும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நல்லவைதாம். ஆயினும் நம் மக்கள் உறவை அளக்கும் கோல் வேறு. “அவர் வீட்டில் கை நனைப்பீர்களா?” என்றுதான் கேட்பார்கள். மனத்தாங்கல் வந்தால் பேச்சுக்கு முன்பே நின்றுபோவது சாப்பாடு.

கொரிந்து நகரத் திருச்சபையிலும் சிக்கல் பந்தியில்தான் எழுந்தது. ஆண்டவரின் திருவிருந்துக்கென்று கூடிய இடத்தில் உள்ளவர்கள் முந்தி உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். புனித சின்னப்பர் தம் முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் அவர் கூறும் மருந்தோ மிக எளியது: ஒருவர் வரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். நமக்கு அதுவே கடினமாயிருக்கிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தை நம்மில் பலர் அறிவோம். 1872-இல் எழுந்த அவ்வாலயம் இரண்டு கால்களை விரித்தாற்போன்ற அமைப்பு உடையது. ஒரு பகுதியில் உயர்ந்தோர் எனப்பட்டவர்கள், மறு பகுதியில் ஏனையோர், இடையே தடுப்பு. இரு சாராருக்கும் பொதுவாய் இருந்தது பீடம் ஒன்றே. 1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. சிலர் விடவில்லை, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போயிற்று. சாதிக்கொரு தனியிடம் என்ற கோரிக்கை அங்கும் எடுபடவில்லை.

கல்லும் சுண்ணாம்பும் விழுந்துவிடும். இன்றும் தமிழகத்துச் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறதே! உயிரோடிருக்கையில் ஒரே பீடத்தில் திவ்விய நற்கருணை வாங்கியவர்களுக்கு, இறந்தபின் ஒரே மண் கிடைப்பதில்லை. விழா மேடையில் இதை எதற்குச் சொல்ல வேண்டும் எனச் சிலர் எண்ணலாம். எல்லாரும் கூடியிருக்கும் நாளில் சொல்லாமல் வேறு எந்நாளில் சொல்வது?

சற்று நேரத்தில் பந்தலில் இலை போடுவார்கள். குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் சேர்ந்து அமர்வதே நம் வழக்கம். இன்று ஒரு நாளேனும், பெயர் அறியாத ஒருவர் அருகே போய் உட்காருவோம். அவர் எந்தத் தெரு, பிள்ளைகள் எத்தனை பேர், வீட்டில் நோயுற்றவர் உண்டா என்று விசாரிப்போம். பந்தல் போட்டவர்களும் அடுப்படியில் நிற்பவர்களும் கடைசிப் பந்திக்குத்தான் வருவார்கள். அவர்களுக்குச் சோறும் குழம்பும் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு, அதன்பின் நாம் கை நனைப்போம்.