நோவுக்கும் ஒரு மொழி உண்டு: கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் தொடரும் துயர்

(ரொறன்ரோவில் இடம்பெற்ற பெற்றோர் - இளையோர் நலவாழ்வு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். மருத்துவருக்கும் நோயாளருக்கும் நடுவே அமர்ந்து, எம்மவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழிலும் எடுத்துரைக்கும் மொழிபெயர்ப்பாளன். அந்த இருக்கையிலிருந்து நான் மீண்டும் மீண்டும் கேட்ட ஒரு துயரத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். கழுத்து முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை முடிந்து, காயம் ஆறி, மாதங்கள் பல கடந்த பின்னரும் விட்டகலாத கழுத்து நோவும் தலையிடியுமே அத்துயரம்.

முதலில் அச்சத்திரசிகிச்சை யாதென்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். எமது கழுத்தில் ஏழு முள்ளந்தண்டென்புகள் உள்ளன. அவற்றிடையே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் இருக்கின்றன. வயதினாலோ விபத்தினாலோ இடைத்தட்டு பிதுங்கி, அல்லது என்பு முளைவிட்டு, நரம்பின் வேரையோ முண்ணாணையோ அழுத்தும்போது கை விறைக்கின்றது, பிடி தளர்கின்றது, நடையும் தடுமாறலாம். அப்பொழுது மருத்துவர் பெரும்பாலும் கழுத்தின் முன்புறமாகச் சென்று, பழுதடைந்த இடைத்தட்டை அகற்றி, அவ்விடத்தில் என்புத் துண்டையோ சிறு கூட்டையோ வைத்து, பல வேளைகளில் உலோகத் தகடும் திருகாணிகளும் பூட்டி, இரண்டு என்புகளும் ஒன்றாய் ஒட்டி வளரச் செய்கின்றார். 1950களில் அமெரிக்க மருத்துவர்களான சிமித், ரொபின்சன் ஆகியோரும், ஹவாயில் பணியாற்றிய கிளவார்டும் வெளியிட்ட முறைகளே இதற்கு அடித்தளம்.

இச்சத்திரசிகிச்சையின் தலையாய நோக்கம் நரம்பையும் முண்ணாணையும் அழுத்தத்திலிருந்து விடுவிப்பதாகும். கையிற் பாயும் நோவு பலருக்கு விரைவில் தணிகின்றது. ஆனால் கழுத்து நோவுக்கும் தலையிடிக்கும் வேறு வேர்களும் இருக்கக்கூடும். சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன்னரே, "இதனால் எனது எந்த நோவு குறையும், எந்த நோவு எஞ்சக்கூடும்?" என்று கேட்டறிவது எமது உரிமை.

அவ்வாறாயின் நோவு ஏன் எஞ்சுகின்றது?

முதலாவது காரணம், என்புகள் முழுமையாக ஒட்டாமல் இருத்தல். புகைபிடித்தல் இதற்குப் பெருந்துணை புரிகின்றது. எக்ஸ்ரே, சி.ரி. படங்கள் மூலம் இதனைக் கண்டறியலாம்.

இரண்டாவது, அயல் மூட்டுகளின் தேய்வு. ஒட்டிய பகுதி அசையாததால் அதன் மேலும் கீழும் உள்ள மூட்டுகளின் மேல் சுமை கூடுகின்றது என்பது ஒரு விளக்கம். அவை இயல்பாகவே தேய்வதும் உண்டு. 374 நோயாளரை ஆராய்ந்து 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பேருக்கு அயல் மூட்டில் புதிய நோய்க்குறிகள் தோன்றியதாகவும், பத்தாண்டுகளில் நான்கில் ஒருவருக்கு அவை தோன்றலாம் எனவும் கணித்தது.

மூன்றாவது, கழுத்தின் பின்புறச் சிறுமூட்டுகளும் தசைகளும். தலையிடியின் மறைபொருள் இங்குதான் உள்ளது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்திற்கும் தலைக்கும் உணர்வளிக்கும் நரம்பும் முண்ணாணின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஆகவே கழுத்தில் எழும் துன்பத்தை மூளை தலையிடியாக உணர்கின்றது. பிடரியில் தொடங்கி, ஒரு பக்கமாக ஏறி, கண்ணின் பின்னே வந்து நிற்கும் தலையிடி பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது.

நான்காவது, நோவுக்காக எடுக்கும் மாத்திரையே தலையிடியைத் தருதல். பரசிற்றமோல் போன்ற சாதாரண மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, கொடீன் கலந்தவற்றை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்துவந்தால் இந்நிலை தோன்றலாம். ஆயினும் மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்திவிடவும் கூடாது.

இவை எவையும் தென்படாத போதிலும் நோவு இருக்கக்கூடும். நீண்டகாலம் நோவைச் சுமந்த நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடுகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று மாதங்களுக்கு மேல் தொடரும் நோவுக்கு, 2022 தை மாதம் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்புப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் தனியொரு பெயரும் இடமும் வழங்கப்பட்டுள்ளன. எனவே "படத்தில் ஒன்றும் இல்லை" என்பதும் "நோவு இல்லை" என்பதும் ஒன்றல்ல.

அன்பானவர்களே, இந்த ஐந்து வேர்களுக்கும் வெவ்வேறு சிகிச்சை உண்டு. உடற்பயிற்சிச் சிகிச்சை, நரம்புக்கு ஊசி, மாத்திரை மாற்றம், நோவுச் சிகிச்சை நிலையம், சிலருக்கு மட்டும் மீண்டும் ஒரு சத்திரசிகிச்சை. எது வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வதற்குப் பரிசோதனைகளோடு நோயாளரின் சொற்களும் வேண்டும். அந்தச் சொற்களைத்தான் நாம் வழியிலே தொலைத்துவிடுகின்றோம்.

மொன்றியல் மக்கில் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ரொனால்ட் மெல்சாக், நோவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, 1975இல் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். நோயாளர் தேர்ந்தெடுக்கும் சொல்லே நோவின் தன்மையைக் காட்டும் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. எமது தமிழும் இதில் வறிய மொழியன்று. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, இடி என எத்தனை சொற்கள்! எரிவும், விறைப்பும், "கறண்ட் அடிச்ச மாதிரி" என்பதும் பெரும்பாலும் நரம்பைச் சுட்டுகின்றன. உளைவும் கடுப்பும் பெரும்பாலும் தசையையும் மூட்டையும் சுட்டுகின்றன.

ஆனால் மருத்துவரின் அறையில் நடப்பதென்ன? "பிடரியில இருந்து உச்சி வரைக்கும் இடிக்குது, சின்ன விரல் விறைக்குது, இரவில தோள்மூட்டு உளையுது" என்று தாய் சொல்கின்றார். உடன்வந்த பதினான்கு வயதுப் பிள்ளை அத்தனையையும் "கழுத்து நோகிறதாம்" என்ற ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் முடித்துவிடுகின்றது. பிள்ளையின் மேல் குற்றமில்லை. அச்சுமை அதன் வயதுக்கு உரியதன்று. பெற்றோரும் பிள்ளையின் முன் முழுவதையும் சொல்வதில்லை. மாதவிடாய், மலசலம், மனச்சோர்வு, உறக்கமின்மை எல்லாம் மறைக்கப்படுகின்றன. மருத்துவர் தம் செவிக்கு எட்டிய ஒற்றைச் சொல்லுக்கே மருந்து எழுதுகின்றார்.

ஆகவே பெற்றோர்களிடம் எனது முதல் வேண்டுகோள்: மருத்துவமனையில் நேரம் ஒதுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள். பல மருத்துவமனைகளில் நேரிலோ தொலைபேசியிலோ இச்சேவை கிடைக்கின்றது. இரண்டாவது: ஒரு கொப்பி வைத்திருங்கள். நோவு எங்கே தொடங்கி எங்கே செல்கின்றது, எந்நேரம் கூடுகின்றது, எத்தனை மாத்திரை எடுத்தீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பவற்றை உங்கள் சொந்தத் தமிழிலேயே எழுதுங்கள். "பரவாயில்லை டொக்டர்" என்னும் எமது பழக்கத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இளையோரே, நீங்கள் செய்யத்தக்கது வேறு. அந்தக் கொப்பியைத் தட்டச்சு செய்து கொடுங்கள். சந்திப்பு நாட்களை நினைவூட்டுங்கள். அம்மா சமையலை இடையில் நிறுத்தி இருந்துவிட்டால், அப்பா இராப்போசனத்தின்போது பேசாதிருந்தால், அது சோம்பலோ கோபமோ என எண்ணாது, "இண்டைக்கு நோவு எப்பிடி?" என்று கேளுங்கள். நோவைப் பிறர் நம்புகின்றார்கள் என்பதே ஒருவருக்குப் பெரும் ஆறுதல்.

சில அறிகுறிகளுக்குக் கொப்பியோ காத்திருப்போ கூடாது. கை புதிதாக வலுவிழத்தல், சட்டைப் பொத்தான் பூட்ட இயலாமை, நடை தள்ளாடுதல், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிதல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இடி விழுந்தாற்போல் திடீரெனக் கொடிய தலையிடி. இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவை நாடுங்கள்.

இறுதியாக, உரிமை பற்றி ஒரு வார்த்தை. வேலைத்தலத்தில் காயமடைந்து நீங்காத நோவோடு வாழ்ந்த டொனால்ட் மார்ட்டின், ரூத் லசூர் என்னும் நோவா ஸ்கோசியா மாகாணத் தொழிலாளர் இருவர், தமக்கு இழப்பீடு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினர். நீங்காத நோவை வழமையான இழப்பீட்டிலிருந்து விலக்கிவைத்த அம்மாகாணச் சட்ட விதிகள், சமத்துவ உரிமைக்கு முரணானவை எனக் கனடிய உச்ச நீதிமன்றம் 2003 ஐப்பசியில் தீர்ப்பளித்தது. கண்ணுக்குத் தெரியாத நோவும் நோவே என்பதற்கு இந்நாட்டின் அதியுயர் மன்றமே சான்று. ஒன்ராறியோவில் வேலையிற் காயமுற்றோர் ஆறு மாதங்களுக்குள் இழப்பீட்டுச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தொழிற்சங்கம் இல்லாதோருக்குத் தொழிலாளர் ஆலோசகர் பணிமனை கட்டணமின்றி உதவுகின்றது. உடல்நிலைக்கேற்ப வேலையை மாற்றித் தருமாறு கேட்பதும் மனித உரிமைச் சட்டம் தந்த உரிமை. அது இரப்பன்று.

போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த எமது பெற்றோர் பொறுத்துப் பழகியவர்கள். அப்பொறுமை அவர்களைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவரின் முன் பொறுமை காப்பது நோயைக் காப்பதாகிவிடும். எம் நோவை எம் மொழியில் முழுமையாகச் சொல்வோம். சொல்பவரை நம்புவோம்.