"ஐயரே, இன்னும் எத்தனை நாள்?"
(ஆவடியில் மிஷன் ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரி குருவானவர் பேசியது)



வேதாகமத்தோடு நாங்கள் வார்டுக்குள் நுழைந்தவுடன் உறவினர்கள் ஓரமாக அழைத்துக் கேட்பது ஒன்றுதான்: "ஐயரே, இன்னும் எத்தனை நாள்?" டாக்டரிடம் கேட்க அவர்களுக்குப் பயம்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமோனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அந்த இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டது வேலூர் சி.எம்.சி.யில், நம் மிஷன் குடும்பத்தார் இதை மறக்கக்கூடாது. பிறகு பல வருஷங்கள் அந்தக் கேள்விக்குக் கசப்பான ஒரே பதில்தான். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் அரசு ஆஸ்பத்திரி போன்ற சில இடங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கணக்கு மாறிற்று.

அது எங்களுக்குச் சீக்கிரம் உறைக்கவில்லை. ஆவடிப் பக்கத்து வாலிபர் ஒருவர் எலும்பும் தோலுமாய்க் கிடந்தார். நாங்கள் திருவிருந்து கொடுத்துவிட்டு அவர் தாயாரிடம், "அம்மா, கல்லறைத் தோட்டத்தில் சொல்லி வையுங்கள்" என்றோம். அந்த அம்மாள் கேட்கவில்லை. மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், பூங்கா நிலையத்தில் வண்டி மாறி, மாதாமாதம் மகனைச் சானடோரியத்துக்குக் கூட்டிப்போனார். இன்று அவர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களைக் கண்டால் சிரிக்கிறார், நாங்கள்தான் தலைகுனிகிறோம்.

டாக்டர்கள் சொல்லும் அடையாளங்கள் உண்டு. சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே போனால் நோய் முற்றிய நிலை. துணையின்றி நடக்க முடியாமை, நிமிஷத்துக்கு 30 மூச்சு, 120 நாடித்துடிப்பு என்றால் உடனடி ஆபத்து. காசநோய்தான் அதிகம் பேரைக் கொண்டுபோகிறது. மூளைக் காய்ச்சல் உண்டாக்கும் பூஞ்சைக் கிருமியும் உண்டு. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்கள் மிகவும் ஆபத்தானவை. நன்றாகத் தேறுகிறார் என்று நாங்கள் ஸ்தோத்திரம் சொன்ன ஒரு சகோதரி மூன்றாம் வாரத்தில் மரித்தார். யாருக்கு முதலில் ஓட வேண்டும் என்று காட்டவே இந்த அடையாளங்கள். யாரைக் கைவிடலாம் என்று அல்ல.

இப்போது யாராவது எத்தனை நாள் என்று கேட்டால், "இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாரா? கஞ்சி குடித்தாரா?" என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்.

மருந்தை அரசாங்கம் கொடுக்கிறது. முட்டை, பால், துணைக்கு வருகிறவரின் ரயில் கட்டணம் ஆகியவற்றை உங்கள் காணிக்கையிலிருந்து கொடுக்கிறோம். காணிக்கை உறைகள் வாசலருகே மேஜையில் இருக்கின்றன.