குடவோலையும் குழந்தைகளும்



குடவோலை முறை யாதென ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை வினவினால் இரண்டு வரி விடை தவறாமல் வரும். அதன் பொருள் பிள்ளையின் நெஞ்சுக்குள் இறங்கியிருக்குமா என்பது ஐயமே. அதே பாடத்தை நடிக்கச் செய்தால் நிலைமை வேறாகும்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் ஏறத்தாழ ஒரு நாடகத்துக்குரிய குறிப்புகளாகவே அமைந்துள்ளன. ஊரில் முப்பது குடும்புகள். வாரியத்தில் அமர விரும்புவோர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். பொருளை நேரிய வழியில் ஈட்டியிருத்தல் வேண்டும். தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வகுப்பறைக்கு ஒரு மண்குடமும் காகித நறுக்குகளும் போதும். ஓலை எடுக்க முதல் வகுப்புக் குழந்தை ஒன்றை அழைத்துக்கொள்ளலாம். அக்குழந்தை வந்து நின்றதுமே வகுப்பு அமைதியாகிவிடும்!

நாடகத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் ஓலையிடத் தகுதியற்றவர் என்கிறது கல்வெட்டு. உறவினனாக நடிக்கும் பிள்ளை, "கணக்குக் காட்டாதவர் என் பெரியப்பா, நான் செய்த பிழை என்ன?" என்று கேட்கும். அவ்வினாவுக்கு ஆசிரியர் அவசரப்பட்டு விடை கூறலாகாது. பிள்ளைகளே வழக்காடட்டும். வாய்மையும் கள்ளாமையும் அப்போதுதான் அவர்களுக்குச் சொற்களாக மட்டும் நில்லாமல் ஊர்ப் பொதுவாழ்வின் சிக்கல்களாகத் தெரியவரும். யோக நூல் உரைக்கும் இயமங்களில் இவ்விரண்டும் உண்டு; சமணத்தின் ஐந்து விரதங்களிலும் உண்டு. ஆதலின் எச்சமயத்துப் பிள்ளைக்கும் இந்நாடகம் அயலன்று.

சிறுவனாயிருந்த காந்தியடிகள் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டபின் அதனைத் தமக்குள்ளேயே எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். நாடகம் முடிந்ததும் நீதி இதுவென எவரும் அவருக்கு எடுத்துரைத்ததாக அந்நூலில் இல்லை.

இனி, கசப்பான பகுதி. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். வேதம் பயின்ற, நிலமுடைய ஆடவர்க்கே அங்கு ஓலை. "எங்கள் அப்பாவுக்கு நிலம் இல்லையே, ஐயா" என்று ஒரு பிள்ளையும், "நாங்கள் ஓலையிடலாகாதா?" என்று பெண்பிள்ளைகளும் கேட்பர், கேட்டல் வேண்டும். பழம்பெருமை குன்றிவிடுமென்று அஞ்சி இதனை மறைக்கும் ஆசிரியர் வரலாற்றைக் கற்பிப்பவராகார். வாய்மையைக் கற்பிப்பவராகவும் ஆகார். அன்றே இரண்டாம் முறை நடிக்கச் செய்க. இம்முறை விதிகளை வகுப்பே வகுக்கட்டும்: கணக்குக் காட்டும் விதி நிற்குமா? நிலவிதி நீங்குமா? 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மகளிர்க்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடம் அளித்ததையும், இன்று 21 வயது நிரம்பியவர் போட்டியிடலாம் என்பதையும் அவ்விடத்திற் கூறினால் பாடம் தானே பொருந்தும்.

ஒரு சொல் எச்சரிக்கையாக. தகுதியிழந்தவன் வேடத்தை ஒரே பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் தருதல் தீது. வேடங்களையும் குடத்திலிட்டே எடுக்கலாம். சாதி குறிக்கும் வேடம் எவர்க்கும் வேண்டா.

அக்காலத்து ஏரி வாரியத்தில் அறுவர் இருந்தனர். வகுப்பிலும் அறுவரை எடுத்து, பள்ளியின் குடிநீர்த் தொட்டியை ஒரு திங்கள் அவர்கள் பொறுப்பில் விடலாம். திங்கள் முடிவில், தொட்டி கழுவிய நாள்களையும் ஒழுகிய குழாய்களையும் எழுதிய கணக்கை அவர்கள் வகுப்பின்முன் நின்று படித்தல் வேண்டும். படியாதவர் பெயர் அடுத்த குடத்தில் இராது.