வீட்டுச் சுவரும் ஈரக் காற்றும்

(தோட்டப் பாட்டாளிகளிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் நம் மக்கள் வாங்கும் பெரும்பொருள் வீடு. தோட்டத்து வீட்டில் வாழ்ந்தாலும், பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தாலும், படுக்கையறையில் ஒரு குளிர்சாதனத்தைப் பொருத்திக்கொள்வது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. சில மாதங்களுக்குள் அலமாரியின் பின்புறச் சுவரில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. மெத்தையில் புழுக்க நாற்றம் வீசுகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இருமல் மிகுகிறது. மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. இத்துன்பங்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் உண்டு. கட்டுப்பாடின்றி அறைக்குள் நுழையும் ஈரக் காற்றே அது.

ரப்பர் ஷீட்டைப் புகையிட்டு உலர்த்தும் கூடத்தில் பணிபுரிந்த பெரியவர்கள் இதனை எளிதில் அறிந்துகொள்வர். அக்கூடத்தின் சுவரிலும் கதவிலும் சந்து இருந்தால் வெப்பம் வீணாகும். விறகு மிகுதியாகச் செலவாகும். ஆயினும் கூடத்தை முற்றாக மூடிவிடவும் இயலாது. முதல் நாளில் ஷீட்டிலிருந்து எழும் நீராவி வெளியேற, காற்றுவழியைத் திறந்துவைக்க வேண்டும். ஈரம் தங்கிவிட்டால் ஷீட்டில் பூஞ்சணம் படர்ந்து தரம் குறையும். வேண்டாத சந்துகளை அடைத்து, வேண்டிய வழியை நாமே திறந்து மூடுதல் அங்கே கையாளப்பட்ட முறை. நல்ல கட்டடத்திற்கும் அதுவே இலக்கணமாகும்.

காற்றில் எவ்வளவு நீர் உள்ளது என்று பார்ப்போம். வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்பது நம் நாட்டில் வழக்கமான நிலை. அத்தகைய காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீரைத் தாங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் பத்தடியாக உள்ள ஓர் அறையில், கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் மிதக்கிறது என்று பொருள். இக்காற்று ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்ததும் அந்நீர் வெளிப்படத் தொடங்கும். ஐஸ் நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலவே, 24 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரும் வியர்க்கும். சந்துகளின் வழியே இத்தகைய காற்று ஓயாது நுழைந்தால், நாம் செலுத்தும் மின்கட்டணத்தில் ஒரு பங்கு அந்நீரைப் பிழிந்தெடுப்பதிலேயே கரைகிறது.

காற்றுப் புகாத வீட்டைக் கட்டுவதில் குளிர்நாட்டினர் முன்னோடிகள். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் ஒரு சோதனை வீடு கட்டப்பட்டது. தடித்த வெப்பத் தடுப்பும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையும், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் புதுக்காற்றுக்கு மாற்றும் கருவியும் அதில் இருந்தன. எனினும் அவர்களுடைய முறையை அப்படியே நாம் பின்பற்றலாகாது. அங்கே வெப்பமும் ஈரமும் வீட்டினுள் இருப்பதால், பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உட்பக்கத்தில் வைப்பர். நம் குளிர்சாதன அறையிலோ ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வருகிறது. உட்சுவரில் வினைல் தாளை ஒட்டினால், சுவரின் வழியே வரும் ஈரம் அத்தாளின் பின்னே சிறைப்பட்டுப் பூஞ்சணத்தை வளர்க்கும். அழகுக்காக ஒட்டிய தாள் நோய்க்கு மறைவிடமாகிவிடும்.

நம் நாட்டிற்கேற்ற முறையைப் புத்ராஜெயாவில் காணலாம். 2010ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின் வைர வடிவக் கட்டடத்தில், தளத்துக் காங்கிரீட்டினுள் பதித்த குழாய்களில் இரவு வேளையில் குளிர்நீரை ஓடவிட்டு, அக்குளிர்ச்சியைப் பகலில் பயன்படுத்துகின்றனர். இவ்வகைக் கட்டடத்தில் வெளிக்காற்று தாராளமாக நுழைந்தால் தளமே நனைந்துவிடும். ஆகவே சந்துகளை அடைப்பதும், புதுக்காற்றின் ஈரத்தை நீக்கிய பின்னரே உள்ளே விடுவதும் இன்றியமையாதவை.

அத்தகைய வசதி நம் வீட்டில் இல்லை. எனினும் நம்மால் இயன்றவை பல உள்ளன. எந்த அறை காற்றோட்டத்திற்கு, எந்த அறை குளிர்சாதனத்திற்கு என்று முதலில் முடிவு செய்வோம். மலாய்க் கிராமத்துப் பழைய வீடுகள் தூண்களின் மேல் உயர்ந்து, எதிரெதிர்ச் சன்னல்களின் வழியே காற்றை ஊடுருவ விட்டன. விசிறி மட்டும் உள்ள அறைகளை நாமும் அவ்வாறே திறந்துவைப்போம்.

குளிர்சாதன அறையை நன்கு மூட வேண்டும். கண்ணாடிச் சட்டங்களை அடுக்கிய பழைய சன்னல் இறுக மூடாது. அதனை மாற்றவோ அடைக்கவோ வேண்டும். கதவின் அடிச்சந்து, சீலிங்கின் விளிம்பு, குளிர்சாதனக் குழாய் நுழையும் துளை ஆகியவற்றையும் கவனியுங்கள். கருவியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஈரத் துணிகளை அவ்வறையில் உலர்த்த வேண்டாம். மூடிய அறையில் கொசுவர்த்தியோ கரியடுப்போ ஒருபோதும் கூடாது. காலையில் கருவியை நிறுத்தி, அறையின் குளிர் தணிந்த பின்னர், சன்னலைத் திறந்து புதுக்காற்றை விடுங்கள்.

கூரை ஒழுக்கையும் குழாய்க் கசிவையும் சரிசெய்யாமல் பூஞ்சணத்தின் மேல் சாயம் பூசுவது வீண்செலவு. தோட்டத்து வீடாயின் உடனே நிர்வாகத்திற்குத் தெரிவியுங்கள். தொழிலாளர் வீடமைப்பின் குறைந்தபட்சத் தரம் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பைப் பழுதின்றிப் பேணும் பொறுப்பை முதலாளிமார் மீது சுமத்தியுள்ளது. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

இன்றிரவே உங்கள் அலமாரியை நகர்த்தி, அதன் பின்புறச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரமிருந்தால், அது வந்த வழியைத் தேடி அடையுங்கள். உங்கள் பிள்ளைகளின் உடல்நலமும் உழைத்து ஈட்டிய பணமும் காக்கப்படும்.