வெடி வைத்துப் பூமியின் ஆழம் பார்த்த கதை

(சென்ற பொதுக்குழுக் கூட்டம் முடிந்ததும் கிளப் ஹவுஸில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவி இயற்பியல் ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்.)

சமோசா ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பக்கத்து மனையில் பாறை உடைக்க வெடி வைக்கிறார்கள். இரண்டு வாரமாக நம் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. லிப்டில் பார்ப்பவர்கள் எல்லாம், "சார், கட்டடம் விரிசல் விடுமா?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். ஆனால் வாத்தியார் புத்தி, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

வெடியை வைத்து உடைக்க மட்டும்தான் முடியும் என்றில்லை, பார்க்கவும் முடியும். 1972ல் ஐதராபாத்தில் இருக்கும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், சோவியத் விஞ்ஞானிகளின் ஒத்துழைப்போடு ஒரு வேலையை ஆரம்பித்தது. நெல்லூர்ப் பக்கம் காவலியில் தொடங்கி, தக்காணப் பீடபூமியைக் குறுக்கே கடந்து, மேற்குக் கரையில் உடுப்பி வரை சுமார் 600 கிலோமீட்டருக்கு ஒரு கோடு. கோட்டில் ஆங்காங்கே துளை போட்டு வெடிமருந்தை இறக்கி வெடிப்பார்கள். தரையில் வரிசையாகப் பதித்த ஜியோபோன்கள் அதிர்வைப் பதிவு செய்யும். வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டுமல்ல, நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளியும்.

நிலநடுக்கத்தைப் பதிவு செய்தால் போதாதா? அது எங்கே, எந்த ஆழத்தில், எத்தனை மணிக்கு வந்தது என்பதையே பிறகு கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தென்னிந்தியாவில் அடிக்கடி வருவதும் இல்லை. வெடி என்றால் இடமும் நேரமும் நம் கையில்.

சரி, மேலே வைத்த வெடி 40 கிலோமீட்டர் ஆழத்தை எப்படிக் காட்டும்? நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். இங்கிருந்து குரோம்பேட்டை போக யாரும் பைபாஸ் பிடிக்க மாட்டோம். ஆனால் புழல் போக வேண்டும் என்றால், பெருங்களத்தூர் வரை பின்னால் போய்ப் பைபாஸில் ஏறியவர், ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று போனவரை முந்திவிடுவார். அதிர்வலையும் அப்படித்தான். பூமியின் மேலோட்டில் அது விநாடிக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஓட்டுக்குக் கீழே எட்டு கிலோமீட்டர். தொலைவில் இருக்கும் ஜியோபோனுக்குக் கீழே இறங்கிச் சுற்றி வந்த அலைதான் முதலில் வந்து சேரும். எந்தத் தூரத்தில் அது முந்த ஆரம்பிக்கிறது என்று பார்த்தால், பைபாஸ் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த எல்லைக்கு மோஹோ என்று பெயர். 1909ல் குரோஷியாவில் ஒரு நிலநடுக்கப் பதிவை வைத்து மொஹொரொவிசிச் என்பவர் கண்டுபிடித்தது.

காவலி–உடுப்பிக் கோட்டில் மோஹோ சுமார் 34 முதல் 41 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது தெரிந்தது. ஓடு ஒரே பலகையாக இல்லை, பிளவுகளால் பிரிந்த துண்டுகளாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். பின்னாளில் குப்பத்திலிருந்து பழனி வரை நம் மாநிலத்திலும் இதே வேலை நடந்தது. 1992ல் திபெத்தில் இண்டெப்த் என்ற திட்டம் வெடி வைத்துப் பார்த்தபோது, அங்கே மோஹோ 70 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தது. இமயமலைக்கு அடியில் நம் இந்திய ஓடு வடக்கே நுழைந்து போவதும் படத்தில் விழுந்தது. நம் தக்காணமும் பீடபூமிதான், திபெத்தும் பீடபூமிதான். ஆனால் அடியில் இருக்கும் ஓட்டின் கனம் ஏறக்குறைய இரு மடங்கு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பல்லாவரம் மலைதான். அந்தக் கறுப்புக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல் என்பதால் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஓட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை அது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போய் வெளியே வந்திருக்கிறது. வேறு இடங்களில் வெடி வைத்துத் தேடும் ஆழ் ஓட்டின் மேல் நாம் கார் பார்க்கிங் போட்டிருக்கிறோம்!

இப்போது நம் விரிசல். சத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஜன்னல் தடதடப்பது பெரும்பாலும் காற்றில் வரும் அழுத்தம். தரை என்ன வேகத்தில் அசைகிறது என்பதுதான் கணக்கு. அதை அளப்பதும் ஜியோபோன்தான், ஒரு சின்னப் பெட்டியில் வைத்த கருவி. சுரங்க வெடிகளுக்கு சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் வைத்திருக்கும் வரம்பு, சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண்ணைப் பொறுத்து விநாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர். மெதுவான ஆட்டத்துக்குத்தான் குறைந்த வரம்பு. நமக்கும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எல்லாத் துளையையும் ஒரே நொடியில் வெடிக்காமல், சில மில்லிவிநாடி இடைவெளி விட்டு வெடித்தால் ஆட்டம் குறையும்.

ஆகவே கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒரு முறைக்கு எத்தனை கிலோ, இடைவெளி விடுகிறார்களா? நம் காம்பவுண்டு ஓரம் கருவி வைத்து எடுத்த அளவு எங்கே? காட்ட மறுத்தால் அப்போது சண்டை போடலாம், நானும் வருகிறேன். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துச் செயலாளருக்கு அனுப்பிவிடுங்கள். என் வீட்டுச் சமையலறைச் சுவரில் மூன்று இருக்கின்றன. மூன்றும் இந்த வெடிக்கு முந்தியவை.