இரண்டு ஊரிலும் அரைப்பேர்



அயல்நாட்டு வாழ்க்கை, இரண்டு ஊருக்கு நடுவே அல்லாடும் மனம் என்றதும் நமக்கு லண்டனும் டொராண்டோவும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் பேச விரும்புவது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சேரிகளைப் பற்றி. இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றியும், அவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்த கதையைப் பற்றியும்.

இது வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் சோறு, இல்லையென்றால் பஞ்சம். ஆனால் மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது. கங்காணியின் முன்பணத்துக்கு முதலில் கை நீட்ட வேண்டியிருந்தது நிலமற்றவர்கள்தான். தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர் என்பது தற்செயல் அல்ல.

அங்கேயும் சாதி ஒழிந்துவிடவில்லை. கங்காணிமாரில் பலர் மேல்சாதியினர். லயங்களிலும் சாதி பார்த்தார்கள். ஆனாலும் கிள்ளிய கொழுந்துக்குக் கூலி உண்டு, பிரட்டுக் களத்தில் பேர் உண்டு. எடை குறைந்த நாளில் பாதிக் கூலி. அதற்கு அரைப்பேர் என்று பெயர்.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அப்பன் பாட்டன் அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் ஏது காகிதம்? நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதம் 1,50,000 பேர். அவர்களை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்ணிக்கையை இரண்டு அரசுகளும் பேசின. எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அக்காள் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு நம் அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பலர் பிறந்தது அங்கே, இந்த மண்ணைப் பார்த்ததே அன்றுதான். மறுவாழ்வு என்று சிலரை நீலகிரிக்கு அனுப்பினார்கள். மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். பாட்டன் ஊரைத் தேடி இங்கே வந்தவர்களுக்கு ஊர் காட்டிய இடம், பாட்டன் விட்டுப்போன அதே சேரி. ஆளை மறந்த ஊர் சாதியை மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பேரப்பிள்ளை படிப்புக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் அலுவலகம் சொல்கிறது: பூர்வீகத்துக்கு ஆதாரம் கொண்டுவா. பழைய தாளில் ராமநாதபுரம் மாவட்டம் என்றிருக்கும். 1985இலிருந்து நாம் விருதுநகர் மாவட்டம். தீண்டாமைக்கு ஆதாரம் தேவைப்படவில்லை, உரிமைக்கு மட்டும் தேவைப்படுகிறது. அங்கே பிறப்புக்குக் காகிதம் கேட்டார்கள், இங்கே சாதிக்குக் காகிதம் கேட்கிறார்கள்.

நாங்கள் பேசிய ஒரு பாட்டி, பனியையும் தேயிலை மணத்தையும் சொல்லும்போது முகம் மலர்ந்தார். "அப்ப அதுதான் ஒங்க ஊரா?" என்று கேட்டோம். "அங்க இந்தியாக்காரி, இங்க சிலோன்காரி. ரெண்டு ஊர்லயும் எனக்கு அரைப்பேருதான் தாயி" என்றார்.

இதை ஏக்கம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக நமக்கு மனம் ஒப்பவில்லை. மனம் எந்த ஊரை நினைத்து ஏங்கினாலும் ஏங்கட்டும். அது அவரவர் உரிமை. ஆனால் குடியிருக்கும் மனைக்குப் பட்டா, பிள்ளைக்குச் சான்றிதழ், செத்தால் மறியல் இல்லாமல் சுடுகாட்டுக்குப் பாதை, இவை இருக்கும் இடம்தான் ஊர். அவை கிடைக்காதவரை கடல் தாண்டாத நாமும் இந்த மண்ணில் அரைப்பேர்தான்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பலில் வந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. உங்கள் தெருவில் 'சிலோன்காரர் வீடு' ஒன்று இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். தகரப் பெட்டியில் இருக்கும் பழைய தாள்களைப் படியெடுத்து வையுங்கள். நாளை அந்த வீட்டுப் பிள்ளை அலுவலகத்தில் நிற்கும்போது, பக்கத்தில் நாமும் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.